பேரீச்சம்பழத்துக்குப் போகும் நாற்காலி

தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது முதலில் வாசலுக்கு வருவது பழைய இரும்பு நாற்காலிதான். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. வளைத்த குழாய், அதில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய பிளாஸ்டிக் ஒயர். ஒயர் இற்றுவிட்டால், ‘பேரீச்சம்பழத்துக்குப் போடு’ என்று விடுவோம்.

அந்த வளைந்த குழாய்க்கு ஒரு வரலாறு உண்டு. 1925-ல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் இருந்த மார்செல் பிராயருக்கு, சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்து ஒரு யோசனை வந்தது. குழாயை வளைத்தே நாற்காலி செய்துவிட்டார். மெத்தை இல்லை, செதுக்கு வேலை இல்லை. குழாயும் இழுத்துக் கட்டிய துணியும்தான். இன்று அது அருங்காட்சியகப் பொருள்.

அந்தப் பாணி சீக்கிரமே இந்தியாவுக்கும் வந்தது. 1930-களில் இந்தூர் மகாராஜா இரண்டாம் யஷ்வந்த் ராவ் ஹோல்கருக்காக, ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் எக்கார்ட் முத்தேசியஸ் மாணிக் பாக் அரண்மனையை அமைத்தார். உள்ளே பளபளக்கும் உலோகத்தில் கட்டிலும் நாற்காலிகளும். 1980-ல் அந்தச் சாமான்களில் பலவும் மொனாக்கோவில் சோத்பீஸ் ஏலத்துக்குப் போயின. இன்று அந்த அரண்மனையில் இயங்குவது வரித்துறை அலுவலகம்.

நம் வீட்டு நாற்காலிக்கும் லட்சம் கிடைக்குமா? கிடைக்காது. சேகரிப்பவர்கள் கேட்பது நான்கு கேள்விகள்: செய்தவர் யார், எத்தனை செய்தார், பழைய பூச்சு அப்படியே இருக்கிறதா, யார் வீட்டில் இருந்தது? கடைசிக் கேள்விக்குத்தான் நம்மிடம் பதில் உண்டு. அதையாவது தாத்தா, பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். எந்த வருஷம், எந்தக் கடை, எந்த போனஸ் பணம்?

பிறகு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். கம்பெனி பெயர் பொறித்திருந்தால் சுரண்டாமல் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் விட்டிருந்தால் பட்டறையில் பற்றவைத்துவிடலாம். மேலோட்டமான துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே எனாமல் பூசினால் போதும். ஒயரைப் புதிதாகப் பின்னி, கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள். குழாயே துருவில் ஓட்டை விழுந்து உளுத்திருந்தால் மட்டும் எடைக்குப் போடலாம்.

கை வைத்த நாற்காலி என்றால் கொடுக்கும்முன் இன்னொரு முறை யோசியுங்கள். மூட்டுவலிக்காரர்கள் கையை ஊன்றி எழுந்திருக்கும்போது, லேசான பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வளையும். கனமான இரும்பு நாற்காலி நின்ற இடத்தில் நிற்கும்.