ஒறுத்தலும் அருளே

பிழை செய்தான் ஒருவன், அதன் பயன் தன்னை வந்து சூழுங்கால், இறைவன் திருவருளை எவ்வாறு நம்புதல் வேண்டும்? இதற்கு மாறுபட்ட இரு விடை கூறுவார் உளர். ஒரு சாரார், "இறைவன் கருணைக்கடல், ஓர் அபிடேகமும் அருச்சனையும் செய்வித்த அளவில் தீவினை முழுதும் ஒழியும்" என்பர். மற்றொரு சாரார், "வினை தானே சென்று செய்தவனைப் பற்றும், இடையில் இறைவன் செய்யத்தக்கது யாதுமில்லை, அழுது தொழுதல் வீண்" என்பர். இவ்விரு கூற்றும் சித்தாந்த சைவத்துக்கு ஒவ்வாதன.

பின்னையோரை முதலில் வினவுவாம். வினை அறிவுடையதோ, சடமோ? சடமாயின், செய்தான் இவன், நுகர்தற்குரிய காலம் இது என அறிந்து தானே வந்து பொருந்துதல் யாங்ஙனம்? உயிர்கள் இருவினைக்கு ஈடாகப் பிறந்திறந்து வருதல் இறைவனது ஆணைவழி நிகழ்வதெனச் சிவஞானபோதத்து 2 ஆம் சூத்திரம் உணர்த்துதல் இது பற்றியேயாம். ஊட்டுவான் ஒருவன் உளனாயின், ஊட்டுதற்கண் அவனுக்கொரு கருத்தும் உளதாதல் வேண்டும். அக்கருத்து உயிரின் மலநோயைத் தீர்த்தலன்றிப் பிறிதில்லை. ஆகவே ஒறுத்தல் மறக்கருணை எனப்படும். அது கருணையின் மறுதலை அன்று.

இனி முன்னையோர், சுந்தரமூர்த்தி சுவாமிகள் சரிதத்தை உற்று நோக்குவாராக. சுவாமிகள் தம்பிரான் தோழர். இறைவனுக்கு அவரினும் அணுக்கர் யாவர்? எனினும், திருவொற்றியூரில் மகிழின்கீழ்ச் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவைக் கடந்து அவ்வூர் எல்லை நீங்கிய அப்பொழுதே இரு கண்ணும் இழந்தார். தோழமை அங்கே விலக்குச்சீட்டு ஆகவில்லை. தோழர்க்கும் இல்லாத விலக்கைச் சில காசு கொடுத்துப் பெறலாமென எண்ணுவார் அறிவு இருந்தவாறு என்னே!

அற்றேல், இறைவன் அவரைக் கைவிட்டனனோ? இல்லை. திருவெண்பாக்கத்திலே ஊன்றுகோல் அளித்தான். காஞ்சியிலே இடக்கண் அளித்தான். திருவாரூரிலே வலக்கண் அளித்தான். கண் இழந்த இடத்திலேயே கண் அளித்தல் இறைவனுக்கு அரிதன்று; எனினும் முதற்கண் அளித்தது கோலே. வினைப்பயனை நுகர்ந்துகொண்டே நடத்தற்கு வேண்டும் துணை அது. சுவாமிகளும் அதனை ஏற்று, பதிதோறும் பாடிப் பரவிச் சென்றனர். ஒறுத்தவனை விட்டு ஓடாது, ஒறுத்தவனையே நோக்கி நடந்தமையே அவரது நம்பிக்கை.

"முடிவில் கண் கொடுத்தமையால் ஒறுப்பு வறிதாயிற்றன்றோ?" எனின், ஆகாது. கண் பெற்ற பின்னரும் பரவையார் மனைக்கதவம் சுவாமிகளுக்குத் திறந்திலது. அவ்வம்மையார் கொண்ட ஊடல், சங்கிலியாரை மணந்த செயலின் பயனாகும். இறைவன் தன் ஆற்றலால் அவ்வூடலை ஒரு நொடியில் மாய்த்தானல்லன். நள்ளிருளில் தூதனாய் இருமுறை அவர் மனைக்கு நடந்தான். முதன்முறை மறுக்கப்பட்டு மீண்டான். பிறர் உள்ளத்தில் நாம் விளைத்த புண்ணை இறைவனும் பொருட்படுத்தாது கடந்திலன் என்பதைச் சேக்கிழார் பெருமான் இதனினும் தெளிவாக எங்ஙனம் உணர்த்துவார்?

ஆதலின், அன்பர்காள்! அனாதைச் சிறுவரது நிலத்தைக் கவர்ந்தானொருவன், நிலத்தைத் திருப்பாது நெய்விளக்கு ஏற்றுதல் வழிபாடன்று. களவுக்குக் கடவுளையும் உடந்தையாக்குதலேயாம். கவர்ந்ததை மீட்டளித்து, வரும் பழியையும் தண்டத்தையும் ஏற்று, அதன்பின் திருமுன் நின்று கண்ணீர் உகுப்பானாயின், அவன் நம்பிக்கை நம்பிக்கையாம். அவனைப் பார்த்து, "நீ வினைப்பட்டாய், உனக்குத் தொழுகை எற்றுக்கு?" எனக் கூறி வாயில் அடைப்பாரும் சைவரல்லர். கோல் கொடுக்கும் கையைத் தடுத்தற்கு இவர் யாவர்?

உடல் எடுத்தார்க்கு ஊழ் உண்டு. அதனை நுகருங்கால் தனியே விடப்படுதல் இல்லை என்பதே சைவரது துணிபு. பயன் வாராதொழிக என வேண்டுதலினும், அது வருங்கால் திருவடி மறவாமை வேண்டுதலே சிறந்ததென்க.

திருச்சிற்றம்பலம்.