மலிவு விலையும் மறைந்த கூலியும்

ஒலிப்பேழை மலிந்தது, இசை ஏழைக்கும் எட்டியது என மகிழ்வார் உளர். எட்டட்டும்! விலையிற் குறைந்த பணம் எவன் மடியினின்று குறைந்தது?

1980களில் குல்சன் குமாரின் டி-சீரீசு நிறுவனம், எச்.எம்.வி. விலைக்கு மிகக் கீழே இறங்கிப் பெட்டிக்கடைதோறும் பேழைகளைக் குவித்தது. புகழ்பெற்ற பழம்பாடல்களைப் புதியவர் குரலிற் பதிந்து விற்றது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் ஓட்டையே அதற்குக் கைவாள். முன்பு பாடியோர்க்கு அதில் ஒரு காசும் இல்லை.

அம் மலிவோடு மோதிய உள்ளூர் வணிகன் எதைக் குறைப்பான்? நாடாவுக்கும் அச்சுக்கும் பணம் கட்டியே தீரவேண்டும். பாடுவோன் கூலியன்றோ வளைந்து கொடுக்கும்!

களக்காட்டு வில்லிசைக்காரர் கொடைவிழாவில் விடிய விடியப் பாடும் கதைகட்கு ஆசிரியர் பெயரில்லை. எனவே, உரிமை கேட்பாரும் இல்லை. ஒருநாட் கூலியோடு பாடியவர் வெளியேறினால், பதிந்தவனே உடையவன். பின்னர் எத்தனை படி விற்றாலென்ன, இன்று கைப்பேசியில் எத்தனை பேர் கேட்டாலென்ன!

2012இல் திருத்திய சட்டம், வணிகப் பயன்பாட்டில் பாடுவோர்க்கும் உரிமைப்பங்கு உண்டு என்கின்றது. அதனை எழுத்தில் வாங்காமல், எந்த ஒலிப்பதிவுக் கூடத்திலும் வில்லின்மேல் வீசுகோல் விழலாகாது.