வாளிக்குள் பிடித்த காற்று

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர், சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். மூக்கு காட்டிக்கொடுக்கும். பயணிக்கு அது சில நிமிடத் தொல்லை. முந்தானையையோ கைக்குட்டையையோ மூக்கில் வைத்தால் தீர்ந்தது. அதை ஒட்டிய ஈச்சங்காட்டிலும் செம்மங்குப்பத்திலும் குடியிருப்பவர்கள் எத்தனை நேரம்தான் மூக்கைப் பொத்திக்கொள்வது?

அவர்கள் மனுக் கொடுத்துப் பார்த்தார்கள். வாடையைப் பற்றிய மனுவில் ஒரு சிக்கல் உண்டு. விசாரிக்க ஆள் வருவதற்குள் காற்று திசை மாறிவிடும். எப்போது அடித்தது, எந்தப் பக்கமிருந்து, எந்த மாதிரி என்று கேட்டால் பதில் இருக்காது.

2004இல் சுற்றுவட்டாரக் கிராமத்தினர் சிலர் பயிற்சி எடுத்துக்கொண்டு, சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகக் களமிறங்கினார்கள். முதல் பாடம் முகர்வது. அழுகிய முட்டைக்கோஸ், கூமுட்டை, நகச்சாயம் என்று ஒவ்வொரு வாடைக்கும் தெரிந்த பொருளின் பெயரை வைத்தார்கள். தேதி, நேரம், காற்று வீசும் திசை எல்லாம் நோட்டில் ஏறின. அடுத்த பாடம் வாளி. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை. வாளியிலிருக்கும் காற்றைச் சிறு பம்பால் உறிஞ்சினால், வெளிக்காற்று பைக்குள் வந்து நிறையும். கலிபோர்னியாவில் எண்ணெய் ஆலைகளை ஒட்டி வாழ்ந்தவர்கள் 1990களில் கையாண்ட முறை இது. பை அமெரிக்க ஆய்வகத்துக்குப் போனது. நச்சு வேதிப்பொருள்களின் பட்டியல் திரும்பி வந்தது. அளவு கூடுதலா குறைவா என்று ஒப்பிட அன்று நம்மிடம் வரையறைதான் இருக்கவில்லை. பென்சீனே 2009இல்தான் தேசியக் காற்றுத் தர வரையறைக்குள் வந்தது.

வாளி வந்ததால் சிப்காட் மணக்கத் தொடங்கிவிடவில்லை. ஆனால், ‘நாறுது’ என்ற புலம்பல் தேதியும் நேரமும் உள்ள சான்றாக மாறியது. கைகலப்புக்கோ கையறுநிலைக்கோ போயிருக்கக்கூடிய ஒரு பகை, பேச்சு மேசைக்கு வந்தது. இதை அமைதிக் கல்வி என்று யாரும் அழைக்கவில்லை. சண்டை சச்சரவு இல்லாததுதான் அமைதி என்றால், மூக்கைப் பொத்திக்கொண்டு சும்மா இருந்த ஆண்டுகளும் அமைதிதானே!

பள்ளியில் நடப்பது வேறு. சுற்றுச்சூழலைப் பாடமாக்கும்படி உச்ச நீதிமன்றம் 1991இல் உத்தரவிட்டது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் அமைதிக் கல்வியைத் தனியே எடுத்துப் பேசியது. இரண்டையும் சேர்த்தே கவனிக்க 2012இல் டெல்லியில் காந்தி பெயரில் யுனெஸ்கோவின் நிறுவனம் ஒன்றும் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ‘நீடித்த வளர்ச்சி – வரையறு’ என்ற இரண்டு மதிப்பெண் கேள்வியைத் தாண்டி நாம் அதிகம் நகரவில்லை. மாநிலம் முழுமைக்கும் ஒரே பாடநூல் என்னும்போது, சிப்காட்டை ஒட்டி ஓடும் உப்பனாற்றுக்கென்று அதில் ஒரு பாடத்தை எதிர்பார்க்க முடியாதுதான். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர் உள்ளூர் ஆசிரியர். அவருக்கும் தயக்கம் இருக்கும். சிப்காட்டில் சம்பளம் வாங்கும் அப்பாவின் மகளும், அந்தக் காற்றில் இருமும் பாட்டியின் பேரனும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். ஆனால், அமைதியைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான பெஞ்சு எது?

சாலையில் இன்னும் தெற்கே போனால், கிழக்கே பிச்சாவரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வரக் காரணமான மரத்தை அந்த ஊரில் தேடினால் கிடைக்காது. பிச்சாவரத்தில் படகேறித்தான் பார்க்க வேண்டும். இந்த அலையாத்திக் காடு அழிவதற்குக் கரையோர மக்களின் வெட்டும் மாட்டு மேய்ச்சலும்தான் காரணம் என்று நெடுங்காலம் பழி சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மண்ணையும் நீரையும் அளந்து பார்த்தபோது வேறு கதை வெளிப்பட்டது. ஆங்கிலேயர் காலம் தொட்டு, பகுதி பகுதியாக மொட்டையடிக்கும் முறையில் மரம் வெட்டியதால், வெயில் பட்ட சதுப்பு வறண்டு தாழ்ந்திருந்தது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வற்றி உப்பு ஏறி, கன்று முளைக்க விடவில்லை. மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டதும் கன்றுகள் பிடித்தன. கால்வாய் வெட்டிக் கன்று நட்டவர்களில் பழி சுமந்த ஊர்க்காரர்களும் உண்டு. வனத் துறைக்கும் ஊருக்கும் இடையே அறிவுரையால் ஆகாத இணக்கத்தை ஓர் உப்பு அளவீடு தொடங்கிவைத்தது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. காப்பாற்றியது காடே என்று அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். இல்லை, கடலிலிருந்து இருந்த தொலைவும் தரை உயரமும்தான் என்று அதே எண்களை வைத்து வேறு சிலர் மறுத்தார்கள். பிளஸ் டூ வகுப்பில் நடத்த இதைவிட நல்ல பட்டிமன்றத் தலைப்பு கிடைக்காது. தீர்ப்புச் சொல்ல நடுவர்தான் திணறுவார்.

சிதம்பரத்துக்குள் நுழைந்தால் அளவுகோல் மாறுகிறது. இங்கே அளக்க வேண்டியது காற்றோ உப்போ அல்ல, சாதி. நெருப்பில் இறங்கித்தான் கோயிலுக்குள் போக முடிந்தது என்று கதை சொல்லும் நந்தனாரின் பெயரில், சுவாமி சகஜானந்தர் 1916இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சென்னை மாகாணத்தின் 1947ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுச் சட்டம் வர இன்னும் 31 ஆண்டுகள் இருந்தன. அன்றைய சிதம்பரத்திலும் ஓர் ‘அமைதி’ இருந்தது. அவர் பள்ளி அதைக் குலைத்தது.

நூறாண்டு கடந்தும் பள்ளியை விட்டுச் சாதி போகவில்லை. 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைந்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. வகுப்பில் பெயரின் அகரவரிசைப்படி பிள்ளைகளை உட்காரவைக்கவும் சொன்னது. யார் பக்கத்தில் யார் என்பதை ஒரு நீதிபதி அறிக்கையில் எழுத வேண்டியிருக்கிறது.

சிதம்பரத்துக்கு அருகே தெற்குத்திட்டையில், 2020இல் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் தரையில் அமர, வேறு சிலர் நாற்காலியில் இருந்த படம் வெளியே வந்தது. வழக்கும் பதிவானது. அந்த நாற்காலிக்காரர்கள் சிறுவயதில் யார் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள் என்பது, முதல் தகவல் அறிக்கையில் நிரப்புகிற கட்டம் அல்ல.