வேண்டாம் ஐயா, கிளி வேண்டாம்!

"ஐயா, பிள்ளை கிளி வேணும்னு அடம் பிடிக்குது. வாங்கிக் கொடுக்கலாமா?" எனச் சென்ற வாரம் பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்டார். பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வெளியேறி, இப்பொழுது தாமான் வரிசை வீட்டில் வாழும் குடும்பம். மகள் நான்காம் ஆண்டு மாணவி. கைப்பேசியில் படத்தைக் காட்டினார். மஞ்சளும் செம்மஞ்சளுமாய்க் கண்ணைப் பறிக்கும் 'சன் கொன்யூர்' கிளி. விலை சில நூறு ரிங்கிட். கொஞ்சம் சத்தம் போடுமாம். பழக்கிவிடலாம் என்று விற்பவர் சொன்னாராம்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். பெரும்பாலோர், "வாங்கட்டுமே, பிள்ளைக்குப் பொறுப்பு வரும்" என்றனர். ஒருவர், "கத்தினால் கூண்டின்மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டால் ஆயிற்று" என்றார். அந்தத் துணிதான் என்னை எழுத வைத்தது.

அன்பர்களே, முதலில் அந்தச் 'சத்தம்' என்னவென்று பார்ப்போம். சன் கொன்யூர் தென் அமெரிக்காவின் கயானா, வட பிரேசில் பகுதிகளில் கூட்டமாக வாழும் பறவை. வெட்டவெளியில் தொலைவில் பறக்கும் இனத்தாரை அழைப்பதற்கு அமைந்த குரல் அதற்கு. அந்தக் குரலை ஒற்றைச் செங்கற்சுவர் தடுக்குமா? தோட்டத்து லயத்தில் விடியற்காலையில் கிளி கத்தினாலும் சேவல் கூவினாலும் யாரும் முகம் சுளித்ததில்லை. பெரட்டுக்குப் போக எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தாக வேண்டும். தாமானில் அப்படியில்லை. ஒரு வீட்டில் இரவு வேலை முடித்து ஆறு மணிக்குப் படுப்பவர் இருப்பார். அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருக்கும். நம் பிள்ளையின் ஆசைக்கு அவர்கள் ஏன் தூக்கத்தை இழக்க வேண்டும்?

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் தாயும் தந்தையும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். மகள் பள்ளி முடிந்து, கூடுதல் வகுப்பும் முடிந்து வீடு திரும்பப் பிற்பகல் நான்கு ஆகிவிடும். பூட்டிய வீட்டில் கிளி எட்டு மணி நேரம் தனியே இருக்கும். அது கத்துவதை வாங்கியவர்கள் கேட்கப் போவதில்லை. கேட்கப்போவது அண்டை வீட்டார்தாம். பழக்கிவிடலாம் என்கிறார்களே, யார் பழக்குவது, எந்த நேரத்தில் பழக்குவது?

வெனிசுவேலா நாட்டில் சிறு கிளி இனம் ஒன்றை ஆராய்ந்த கார்ல் பெர்க் என்பவரின் குழு, 2011இல் ஒரு செய்தியை வெளியிட்டது. கூட்டிலிருக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்த அழைப்பொலி உண்டு. அதைக் குஞ்சு தன் பெற்றோரிடமிருந்தே கற்றுக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது. நாம் பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கு இது எவ்வளவு நெருக்கமாயிருக்கிறது! கூட்டத்தைப் பிரிந்த கிளி கத்துவது உறவைத் தேடித்தான். அதனிடம் நாம் 'வணக்கம்' கற்பித்தால், வேறு துணையில்லாத அப்பறவை நம் ஒலியையே தன் இனத்தின் ஒலியாக எடுத்துக்கொள்கிறது. அதைக் கேட்டு நாம் கை தட்டுகிறோம். தன் குரலில் அழைத்தால் துணி போர்த்துகிறோம்.

நான் பயிற்சிக் கழகத்தில் படித்த காலத்தில், பொருள் புரியாமல் ஒப்புவிக்கும் மாணவனைக் 'கிளிப்பிள்ளை' என்று சொல்லிச் சிரிப்போம். வகுப்பறையில் நாம் வேண்டாமென்று விலக்கும் ஒன்றை வீட்டில் காசு கொடுத்து வாங்குவானேன்?

"கிளி நம் மரபாயிற்றே! மீனாட்சியின் கையில் கிளி இல்லையா? ஆண்டாளின் தோளில் இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. அந்தக் கையிலும் தோளிலும் கூண்டில்லை. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குச் சாத்தும் கிளியை நாள்தோறும் இலைகளால் புதிதாகக் கட்டுகிறார்கள். மாதுளம்பூவால் அலகு செய்கிறார்கள். உயிர்க்கிளியை அடைத்து வைக்கும் வழக்கம் அங்கில்லை. சங்க இலக்கியத்துக்கே போனாலும், குறிஞ்சி நிலத் தலைவி தினைப்புனத்தில் தட்டையும் தழலும் குளிரும் கொண்டு விரட்டுவது கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் கிளிகளைத்தான். கிளியின் கூட்டத்தையும் ஆரவாரத்தையும் அக்காலத் தமிழர் நன்கறிவர். கிளி சோதிடத்தையும் மரபென்பார்கள். 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் தங்கர்பச்சான் வெல்வார் என்று சீட்டெடுத்த கிளியை வைத்திருந்தவர்மீது வனத்துறை நடவடிக்கை எடுத்தது. இந்தியாவில் கிளியைப் பிடிப்பதும் அடைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். (தங்கர்பச்சான் தோற்றுப் போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

நம் நாட்டுக்கு வருவோம். நம் செம்பனைத் தோட்டங்களுக்கு மேலே நீண்ட வாலுடன் கீச்சிட்டுப் பறக்கும் பச்சைக்கிளிகளைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். மலாயில் 'பாயான்' என்பர். செம்பனைப் பழத்தைத் தின்னும்; உயர்ந்த பட்டமரங்களின் பொந்தில் முட்டையிடும். மறுநடவுக்காக நிலத்தைத் துப்புரவாக்கும்போது அம்மரங்கள்தாம் முதலில் சாய்கின்றன. இவ்வினம் இப்போது உலக அளவில் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. இதன் குஞ்சுகளை யாரேனும் தோட்டத்து விலைக்குத் தந்தால் தொடவே தொடாதீர். 2010ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2022இல் அதன் தண்டனைகளை மேலும் கடுமையாக்கினார்கள். வெளிநாட்டுக் கிளியானாலும் பெர்ஹிலித்தானிடம் கேட்காமல் வாங்காதீர். முகநூலில் விற்பவரின் சொல் உரிமமாகாது. தீபகற்ப மலேசியாவில் 14 முகநூல் குழுக்களை ஐந்து மாதம் கவனித்த 'டிராஃபிக்' அமைப்பு, 300க்கு மேற்பட்ட காட்டுயிர்கள் விற்பனைக்கு வந்ததை 2016இல் எடுத்துக் காட்டியது.

பிள்ளைக்குப் பொறுப்பு வரும் என்ற வாதத்துக்கும் ஒரு சொல். நன்கு பேணினால் இக்கிளி இருபது ஆண்டுக்கு மேல் வாழக்கூடும். பத்து வயதுப் பிள்ளை மூன்றே ஆண்டில் இடைநிலைப்பள்ளி மாணவி. பிறகு விடுதி, கல்லூரி, வேலை, திருமணம். எஞ்சிய ஆண்டுகளுக்குக் கூண்டைக் கழுவப்போவது அவளுடைய தாய்.

அந்தத் தந்தையிடம், "வேண்டாம் ஐயா" என்றேன். மகளை ஒரு ஞாயிறு காலை கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுமாறு சொன்னேன். 1987இல் அமைந்த அப்பூங்கா அவர் வீட்டிலிருந்து மகிழுந்தில் அதிகத் தொலைவில்லை. கொக்கும் மீன்கொத்தியும் உறுதியாகக் கிட்டும். காலையிலேயே போனால் இன்னும் பல. அவர் முகத்தில் மகிழ்ச்சியில்லை. பிள்ளையிடம் என்ன சொல்வதென்ற கவலை அவருக்கு. அவளிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏற்கெனவே கிளி வளர்ப்போருக்கு: சினங்கொண்டு அதைத் தோட்டத்தில் திறந்து விட்டுவிடாதீர். கூண்டில் பிறந்த பறவைக்கு இரை தேடத் தெரியாது. வீட்டார் உட்காரும் கூடத்துக்குக் கூண்டை மாற்றுங்கள். கடிக்க மரத்துண்டு கொடுங்கள். அது அழைத்தால் ஒரு சொல்லாவது பதில் கொடுங்கள். பாதிக் கத்தல் அதிலேயே குறையும். துணி இரவுக்கு மட்டும் போதும்.