சுட்ட மீனும் மெலியும் ஆசையும்

மதுரையின் புதிய உணவகங்களில் 'கிரில்டு ஃபிஷ்' என்றொரு பண்டம் உடல்நலத்தின் பெயரால் விற்கப்படுகிறது. மெலிய விரும்புவோர்க்குரிய மேலைநாட்டுப் புதுமை என்றே பலரும் அதனைக் கருதுகின்றனர். மீனைச் சுட்டுத் தின்பது நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் சுட்டும் வயல் ஆமையை அவித்தும் உண்டதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் பதிவு செய்திருக்கிறார். சுட்ட உணவுக்கு அங்கே 'சூடு' என்றே பெயர். அவர்களுள் எவரும் எடை குறைய வேண்டி அதனைத் தின்றிருக்க மாட்டார்கள் என்பது நம் துணிபு.

மதுரைக்குக் கடல் இல்லை. இராமேசுவரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பனிக்கட்டியில் மீன் வருகிறது. ஆயினும் சுற்றுப்புறச் சிற்றூர்களில் சுட்டுத் தின்னும் வழக்கம் அற்றுப் போகவில்லை. கருவாட்டைத் தணலில் வாட்டிக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வது உழைப்பாளிகளின் பழைய உணவு. கோடையில் கண்மாய் வற்றும்போது மேலூர்ப் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தாவும் வலையுமாக இறங்கிப் பிடித்த கெண்டையும் விராலும் அன்று வீடுதோறும் மணக்கும். அயிரை மீன் குழம்பின் பெருமையை மதுரைக்காரர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, மெலிவிக்கும் உணவுமுறைகளைப் பார்ப்போம். 1863இல் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பான்டிங் என்பவர், ரொட்டியையும் சர்க்கரையையும் உருளைக்கிழங்கையும் விலக்கித் தாம் இளைத்த கதையைச் சிறு நூலாக வெளியிட்டார். 1972இல் அமெரிக்க மருத்துவர் அட்கின்ஸ் ஏறத்தாழ அதே கருத்தை வேறு பெயரில் முன்வைத்தார். தமிழில் நியாண்டர் செல்வன் எழுத்துகளின் வழியே பேலியோ உணவுமுறை முகநூலில் பெருங்கூட்டத்தைச் சேர்த்தது. உணவியலைத் தமிழிலேயே விவாதிக்க இயலும் என்று காட்டியது அதன் நற்பயன். இம்மூன்றும் மாவுச்சத்தையே எதிரியாக நிறுத்துகின்றன.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நிதியுதவியோடு நடந்த பேராய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் கணித்தது. நம் உணவாற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அதே ஆய்வின் 2025ஆம் ஆண்டுக் கட்டுரை கூறுகிறது. பரோட்டாவையும் சால்னாவையும் உண்டு, மேலே ஒரு ஜிகர்தண்டாவும் பருகும் நகரம் இதனை அலட்சியம் செய்யலாகாது.

ஆனால் எதிரியை ஒன்றாகவே காட்டும் முறைகளை நாம் ஐயுறுகிறோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 609 பேரை இரு பிரிவாக்கி ஒரு சாராருக்குக் கொழுப்பையும் மறுசாராருக்கு மாவுச்சத்தையும் குறைத்தனர். ஓராண்டு முடிவில் முன்னவர் சராசரியாக 5.3 கிலோவும் பின்னவர் 6 கிலோவும் இளைத்திருந்தனர். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இரு சாராரும் சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறைத்துக் காய்கறியைக் கூட்டியிருந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுக்களைக் கணக்கு எளியது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி. நூறு கிராம் சோற்றில் 130. கொழுப்புக் குறைந்த மீன் நூறு கிராமில் நூறு கலோரியை ஒட்டியே இருக்கும். புரதமோ 20 கிராம் அளவுக்குக் கிட்டும். பொரிப்பதை விட்டுச் சுடுவதால் எண்ணெய் மிச்சம். அதற்குத் தனி அடுப்பு வேண்டுவதில்லை. மிளகும் மஞ்சளும் உப்பும் புளியும் தடவிய மத்தியைத் தோசைக்கல்லில் வாழையிலை மேல் வாட்டினால் போதும். கருக விடலாகாது, கருகலில் தீய வேதிப்பொருள்கள் விளைகின்றன. கருவாட்டிலோ உப்பு மிகுதி. குருதியழுத்தம் உடையோர் அளவறிந்து கொள்ள வேண்டும்.

நம் கவலை வேறொன்று. உணவுப் பட்டியல்கள் தனி மனிதனுக்கு எழுதப்படுகின்றன. நம் வீடுகளிலோ ஒரே உலைதான் கொதிக்கிறது. கணவருக்குச் சுட்ட மீன், பிள்ளைகளுக்குச் சோறு, மாமியாருக்குக் கஞ்சி என மூன்று சமையல் செய்பவள் தன் தட்டில் எஞ்சியதைப் போட்டுக்கொள்கிறாள். அவள் எடையைக் குறித்து எந்தப் பட்டியலும் கவலைப்படுவதில்லை. விடுதி மாணவியர் சிலர் இரவுணவை விட்டுவிட்டு அதையே டயட் என்கின்றனர். பசித்த வயிற்றோடு வகுப்பில் அமர்ந்திருப்போரை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடையான அந்த 61 நாள்களில் மீன் விலை ஏறும்போது, வஞ்சிரத்தை நம்பிய பட்டியலும் கவிழ்ந்துவிடும்.

எனவே, வீட்டார் அனைவரும் ஒரே சட்டியிலிருந்து உண்ணத்தக்க முறையே நிலைக்கும் என்பது நம் கருத்து. மத்தியோ கண்மாய்க் கெண்டையோ எல்லோருக்கும் வாட்டப்படட்டும். எல்லார் இலையிலும் ஒரு கரண்டிச் சோறு குறையட்டும். அவ்விடத்தில் கீரை வரட்டும். நீரிழிவுக்கு மருந்துண்போர் மட்டும் மாவுச்சத்தைக் குறைக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மருந்தின் அளவை மாற்ற நேரலாம். முன்னுண்டது செரித்தபின் அளவோடு உண்ணுமாறு வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் சொன்னதும் இதுவே. அவ்வதிகாரத்தில் அவர் எந்த உணவையும் பெயர் சொல்லி விலக்கவில்லை.