புதுசாக்குவது வேறு, காப்பாற்றுவது வேறு



நேற்று இரவு பேரன் கைபேசியில் ஒரு காணொளி காட்டினான். 1960-களின் தொடக்கத்தில் செய்த மாசெராட்டி 3500 ஜிடி கார். துருப்பிடித்து, இருக்கை கிழிந்து ஒரு கொட்டகையில் கிடந்தது. அரை மணி நேரத்தில், காணொளி முடியும்போது, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. "சூப்பர்ல தாத்தா?" என்றான். "சூப்பர்தான்டா" என்றேன். ஆனால் படுத்த பிறகும் மனசு ஒப்பவில்லை.

ஜிடி என்றால் கிரான் துரிஸ்மோ. நெடுந்தூரம் வேகமாகவும் வசதியாகவும் போவதற்கான வண்டி. இத்தாலியில் மொதெனா நகரத்து மாசெராட்டி நிறுவனம் 1957-இல் இந்தக் காரை ஜெனீவா கண்காட்சியில் வைத்தது. மேல்கூடு மிலான் நகரின் டூரிங் பட்டறையில் தயாரானது. மெல்லிய இரும்புக் குழாய்களால் சட்டம் கட்டி, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்துவார்கள். இந்த முறைக்கு 'சூப்பர்லெஜ்ஜேரா' என்று பெயர். மிக இலேசானது என்று பொருள். கையால் செய்த வேலை என்பதால் இடமும் வலமும் நூல் பிடித்தாற்போல் இருக்காது.

காணொளியில் பழைய தகட்டில் பெரும்பகுதியை வெட்டி எறிந்தார்கள். இருக்கைக்குப் புதுத் தோல். கதவு இடுக்குகளை அளந்து அளந்து சமமாக்கினார்கள். கார் பிறந்த அன்றுகூட அவ்வளவு மினுமினுப்பு இருந்திருக்காது.

நான் 34 வருஷம் கட்டுரை நோட்டு திருத்தியவன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பையனின் கட்டுரையை வரிக்கு வரி சிவப்பு மையால் மாற்றி, அழகாக்கிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இது நான் எழுதினது இல்லையே" என்றான். நேற்று அந்தக் குரல்தான் காதில் கேட்டது.

துருவை அப்படியே விடச் சொல்லவில்லை. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டியே இருந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். சட்டம் உளுத்துப்போன காரை ரோட்டில் ஓட்டக்கூடாது. பிரேக், டயர், பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் தயங்காமல் மாற்றுங்கள். தேவைக்கு மாற்றுவது வைத்தியம். பளபளப்புக்காக மாற்றுவது வேறு கணக்கு.

ஒரு உதாரணம். இதே காரின் ஜிடிஐ மாடல் 1961-இல் லூகாஸ் கம்பெனியின் எரிபொருள் இன்ஜெக்‌ஷனோடு வந்தது. அதைப் பராமரிக்கச் சிரமப்பட்ட பலர் கழற்றிவிட்டு வெபர் கார்புரேட்டர் பொருத்தினார்கள். தப்பில்லை, ஓட்ட வேண்டுமே. ஆனால் கழற்றிய பாகங்களுக்குச் சீட்டு ஒட்டிப் பெட்டியில் வைத்தவர் காரைக் காப்பாற்றினார். பழைய இரும்புக்கடையில் போட்டவர் அதன் சரித்திரத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டார். எதைச் செய்தாலும் பின்னால் வருபவர் பழையபடி மாற்ற வழி இருக்கட்டும்.

"பளபளத்தால்தானே விலை?" என்பீர்கள். பிரான்சில் பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் தூசியோடு கிடந்த ஃபெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர், 2015-இல் பாரிஸ் ஏலத்தில், கண்டெடுத்த கோலத்திலேயே 1.6 கோடி யூரோவுக்கு மேல் போனது. அமெரிக்காவின் பெபிள் பீச் போட்டியில், புதுப்பிக்காமல் காத்து வைத்த கார் ஒன்று 2024-இல் முதன்முறையாக முதல் பரிசு வாங்கியது. அது 1934-இல் செய்த புகாட்டி.

விலையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பழைய டூரிங் பட்டறை 1960-களிலேயே மூடியாகிவிட்டது. அந்தத் தொழிலாளிகள் தகட்டை எப்படித் தட்டினார்கள், எங்கே சமாளித்தார்கள் என்பதற்கு மிச்சமிருக்கும் சாட்சி அந்தத் தகடுதான். அதை வெட்டிக் குப்பையில் போட்டால், பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

காலையில் பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப அழுக்கோடயே ஓட்டணுமா தாத்தா?" என்றான்.

நல்லாக் கழுவலாம், நல்லா ஓட்டலாம். அதன் வயசை மட்டும் மறைக்க வேண்டாம் என்றேன்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? மெக்கானிக் நண்பர்கள் அவசியம் எழுதுங்கள். நான் தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்துங்கள். சிவப்பு மையிலேயே திருத்தலாம்!