ஒரே தோள்பட்டை, இரண்டு நியாயம்

தடுப்பூசி போட்டால் இரண்டு நாள் கை வலிக்கும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மாதக்கணக்கில் கையைத் தூக்க முடியாமல், தலை சீவக்கூட இன்னொருவர் உதவி தேவைப்பட்டால்? அமெரிக்காவில் இதற்கு ஒரு பெயரே உண்டு... சிர்வா. தடுப்பூசி போட்டதால் வரும் தோள்பட்டைக் காயம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

இதில் தப்பு பெரும்பாலும் மருந்தில் இல்லை, ஊசி இறங்கிய இடத்தில். மேல்கைத் தசையில் போட வேண்டியதை ரொம்ப மேலே, மூட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டால் அங்கே வீக்கமும் வலியும் வந்து தங்கிவிடுகிறது.

சரி, நஷ்ட ஈடு கிடைக்குமா? ஃப்ளூ ஊசி என்றால் வழி இருக்கிறது. 1986ல் போட்ட சட்டப்படி அதற்கென்றே ஒரு நிதி. ஊசி தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் டோஸுக்கு 75 சென்ட் வரி வசூலித்துச் சேர்த்த பணம் அது. 2017ல் சிர்வாவும் பட்டியலில் ஏறியது. ஊசி போட்ட தோளில் 48 மணி நேரத்துக்குள் வலி ஆரம்பித்து, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், நர்ஸ் மீது தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை. வழக்குப் போட மூன்று வருட அவகாசம். வழக்கில் நியாயம் இருந்தால், தோற்றாலும் வக்கீல் ஃபீஸ் நிதியிலிருந்தே கிடைக்கலாம்.

இப்போது அதே தோளில் கொரோனா ஊசி போட்டதாக வைத்துக்கொள்வோம். 2020ல் அரசாங்கம் அதை வேறொரு திட்டத்தில் சேர்த்தது. அங்கே அவகாசம் ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடம். கோர்ட் கிடையாது, அதிகாரிகளே முடிவு செய்வார்கள். வக்கீல் ஃபீஸும் கிடையாது. அனுபவித்த வலிக்குப் பத்துப் பைசாகூடக் கிடையாது, மருத்துவச் செலவில் மிச்சமும் இழந்த சம்பளமும் மட்டும்தான்.

வலி தாங்குகிற தோளுக்கு இரண்டு ஊசிக்கும் என்ன வித்தியாசம்?

அவசர காலத்தில் அப்படித்தான் செய்ய முடியும் என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் அவசர காலத்தில்தான் அரசாங்கத்தின் கடமை கூடுகிறது. ஊருக்காகக் கையை நீட்டு என்று கேட்டது அரசாங்கம்தானே?

நஷ்ட ஈடு கொடுத்தால் ஜனங்கள் ஊசிக்குப் பயப்படுவார்கள் என்பதும் சரியான வாதமில்லை. அபூர்வமாக ஒருவருக்குக் காயம் வந்தால் அவரைக் கைவிட மாட்டோம் என்று சொல்வதுதான் நம்பிக்கையை வளர்க்கும். ஊசியால் கோடிப் பேருக்கு லாபம். அதில் ஒருவருடைய நஷ்டத்தை மட்டும் அவர் தலையிலேயே கட்டுவது எந்த ஊர் நியாயம்?